கரண்ட் பில் திடீர்னு டபுள்: ரீடிங் கோளாறா, மீட்டர் கோளாறா, வயரிங் கோளாறா?

மிண்ட் மணிக்கூண்டு:

பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு. தரைத்தளத்தில் நாங்களும் இன்னொரு குடித்தனமும், மாடியில் ஹவுஸ் ஓனர். மூணு பேருக்கும் தனித்தனி மீட்டர், எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே ஒரே பெட்டியில். எங்களுக்கு எப்பவும் 420 யூனிட் பக்கம்தான் வரும், 1,300 ரூபாய் சுமார். இந்த முறை 612 யூனிட், 2,993 ரூபாய். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. புதுசாக எந்தப் பொருளும் வாங்கவில்லை. போன ரீடிங் ஜூன் 6, இந்த ரீடிங் ஆகஸ்ட் 14.

பிரிவு அலுவலகத்தில் கேட்டால், "மீட்டர் ஓடியிருக்கு, கட்டித்தான் ஆகணும். வேணும்னா மீட்டர் டெஸ்டிங்குக்குப் பணம் கட்டுங்க" என்கிறார்கள். ஓனரோ ஃபேனை அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரீடிங் லேட்டாக எடுத்ததால் மட்டும் இவ்வளவு ஏறுமா? டெஸ்டிங்குக்குப் பணம் கட்டுவது பிரயோஜனமா? கட்டாமல் இழுத்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களா?

---

கொருக்குப்பேட்டை கேட்:

முதலில் கணக்கைப் பிரித்துப் பாருங்க சார். யூனிட் எவ்வளவு ஏறியது என்பது ஒரு கேள்வி, ரூபாய் எவ்வளவு ஏறியது என்பது வேறு கேள்வி. அலுவலகத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பேசுவார்கள்.

2024 ஜூலையில் இருந்து வீட்டு இணைப்புக்கு நம் கையில் இருந்து போகிற விலை இது. முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இந்தக் கணக்கு மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்தான். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்கிற சலுகை படியே காணாமல் போய்விடும். 101ல் இருந்து 400 வரைக்கும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

அதனால் சரியாக 500 யூனிட் ஓட்டினால் 1,805 ரூபாய். 501 ஓட்டினால் 2,048 ரூபாய் 40 காசு. கடைசி ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். பாதிப் பேருக்கு 'மீட்டர் எகிறிடுச்சு' என்று தோன்றுவது இந்த ஒரு படியால்தான். இதில் மீட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது உங்கள் தேதி. ஜூன் 6ல் இருந்து ஆகஸ்ட் 14 வரை 69 நாள். 60 நாளுக்கு 420 என்றால் நாளுக்கு 7 யூனிட். 69 நாளுக்கு 483. அதாவது ரீடிங் தள்ளிப்போனதற்கு 63 யூனிட்தான் கணக்கு வருகிறது. மிச்சம் 129 யூனிட்டுக்குத் தேதி காரணம் இல்லை. நாளுக்கு 1.9 யூனிட் சுமார் எங்கேயோ போகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டால், 'தேதி தள்ளிப்போச்சு' என்கிற உங்கள் நியாயமான பாதியும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ரீடிங் தள்ளிப்போவதால் நிஜமாக எவ்வளவு நஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் கூட்டிச் சொல்கிறார்கள். நாளுக்கு 8 யூனிட் ஓட்டுகிற வீடு ஒன்று. 60 நாளில் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். 68ஆம் நாள் எடுத்தால் 544 யூனிட், 2,409 ரூபாய் 60 காசு. பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அடுத்த ரீடிங் பழைய தேதிக்கே வந்துவிட்டால் அது 52 நாள்தான், 416 யூனிட், 1,275 ரூபாய் 80 காசு. இரண்டையும் சேர்த்தால், ஒழுங்காக எடுத்திருந்தால் வந்திருக்கும் தொகையை விட 327 ரூபாய் அதிகம். நஷ்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 327 ரூபாய் நஷ்டம், 730 இல்லை. அடுத்த முறையும் லேட்டாக வந்தால்தான் கதை மாறும்.

இன்னொன்று. மீட்டரில் இப்போது ஓடும் எண்ணைப் பில்லில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட்டீர்களா? திரையில் எண்கள் மாறி மாறி வரும்: தேதி, நேரம், வோல்ட், ஆம்பியர், அதிகபட்ச லோடு, அப்புறம் யூனிட். பக்கத்தில் 'கே.டபிள்யூ.எச்.' என்று வருகிற எண்தான் யூனிட். 'எச்' இல்லாமல் வெறும் 'கே.டபிள்யூ.' என்று வருவது லோடு. அவசரத்தில் பக்கத்து மீட்டர் ரீடிங்கை உங்கள் எண்ணில் போட்டுவிடுவதும் நடக்கும். ஒரே பெட்டியில் மூணு மீட்டர் இருக்கிற வீட்டில் இதைத்தான் முதலில் சந்தேகப்படணும். மீட்டர் சீரியல் எண்ணையும் பில்லில் இருக்கிற கணக்கு எண்ணையும் வெள்ளை அட்டையோடு (ரீடிங் எழுதுகிற கார்டு) வைத்துச் சரிபாருங்கள். நம் பக்கத்துக் கணக்கு எண் 01ல் ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு பிரிவு, பகிர்மானம், கடைசியில் உங்கள் இணைப்பு எண்.

---

தண்டையார்பேட்டை டெப்போ:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. பில் எஸ்.எம்.எஸ். யார் போனுக்குப் போகிறது? வாடகை வீட்டில் பெரும்பாலும் ஓனர் நம்பர்தான் பதிவாகி இருக்கும். ரீடிங் எப்போது எடுத்தார்கள் என்பதே குடித்தனக்காரருக்குத் தெரியாமல் போவது அதனால்தான். ஓனரிடம் சொல்லி உங்கள் நம்பரை மாற்றிவையுங்கள். வெள்ளை அட்டையில் தேதியும் ரீடிங்கும் எழுதச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் கையடக்க மெஷினில் தட்டிவிட்டு அட்டையைத் தொடுவதே இல்லை. எழுதாவிட்டால் நீங்களே மீட்டரைப் போட்டோ எடுத்துவையுங்கள், போட்டோவில் தேதி இருக்கும்.

கேட் சாருக்கு ஒரு கேள்வி: கதவு பூட்டி இருந்து ரீடிங் எடுக்காமல் போனால் என்ன கணக்கு?

---

கொருக்குப்பேட்டை கேட்:

பூட்டியிருந்தால் பழைய பில்லை வைத்து ஒரு தொகை போட்டுவிடுவார்கள். அடுத்த முறை உண்மையான ரீடிங் எடுக்கும்போது நாலு மாத யூனிட்டையும் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் 100 யூனிட் இலவசம், தனித்தனிப் படி எல்லாம் கொடுத்துக் கணக்குப் போடணும். நாலு மாதத்துக்கு 900 யூனிட் என்றால் 450, 450. ஒன்றுக்கு 1,490, மொத்தம் 2,980. பிரிக்காமல் 900ஐயும் ஒரே பில்லாகப் போட்டால் 5,820. வித்தியாசம் 2,840 ரூபாய். இதை மட்டும் பில் வந்த அன்றே பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடணும்.

2020 ஊரடங்கு சமயத்தில் பெரிய தகராறே இதைச் சுற்றித்தான். இரண்டாகப் பிரித்தார்கள், ஆனால் முன்னால் கட்டியதை யூனிட்டாகக் கழிக்காமல் ரூபாயாகக் கழித்தார்கள். அதனால் பில் ஏறிவிட்டது என்பதுதான் புகார்.

---

வயர்மேன் வியாசர்பாடி:

தம்பி, அந்த மிச்சம் 129 யூனிட்டுக்கு வருவோம். தரைத்தளத்தில் இருக்கிற இன்னொரு வீட்டில் ஏதாவது புதுசாகப் போட்டார்களா, ஏசி, கீசர், ஏதாவது? பழைய வண்ணை, ராயபுரம், காசிமேடு பக்கம் ஒரு வீட்டை நாலாகத் தடுத்து வாடகைக்கு விட்ட கட்டடம் எல்லாவற்றிலும் முதல் சந்தேகம் நியூட்ரல்தான். பேஸ் வயரில் வர்ற கரண்ட் திரும்பிப் போகிற வயர் அது.

பழைய கட்டடத்தில் ஒரே குடும்பம் இருந்தபோது இழுத்த வயரிங். அப்புறம் தடுத்து, மீட்டர் மட்டும் தனியாக வாங்கினார்கள். பேஸ் வயரைப் பிரித்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் நியூட்ரலைப் பிரிப்பதில்லை. எங்கேயோ ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரண்டு வீட்டு நியூட்ரலும் ஒரே முறுக்கில் இருக்கும். லைட் எரியும், ஃபேன் ஓடும், யாருக்கும் தெரியாது. பழைய காலத்து வட்டத் தகடு மீட்டரில் அது பில்லைப் பெரிதாகப் பாதிக்கவும் இல்லை. இப்போது இருக்கிற எலக்ட்ரானிக் மீட்டர் அப்படி இல்லை. திருட்டைத் தடுக்கணும் என்று பேஸில் போகிற கரண்ட்டையும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டையும் தனித்தனியாக அளக்கும். இரண்டில் எது அதிகமோ அதற்குப் பில் போடும்.

கணக்கு எப்படி உதைக்கும் என்று பாருங்க. இரண்டு மீட்டரும் ஒரே பேஸில் வருது, நியூட்ரல் வீட்டுக்குள்ளே சேர்ந்திருக்கு. பக்கத்து வீடு ஏசியோடு 8 ஆம்பியர் இழுக்குது, உங்க வீடு 2 ஆம்பியர். மொத்தம் 10. திரும்பும்போது அது இரண்டு நியூட்ரலிலும் ஏறக்குறைய பாதிப்பாதி, 5, 5 என்று போகும். பக்கத்து மீட்டரில் பேஸ் 8, நியூட்ரல் 5. 8க்குப் பில், சரியான பில். உங்க மீட்டரில் பேஸ் 2, நியூட்ரல் 5. உங்களுக்கு 5க்குப் பில். சும்மா 3 ஆம்பியர் உங்க தலையில். 230 வோல்ட்டில் அது 700 வாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அவங்க மூணு மணி நேரம் ஏசி போட்டா உங்களுக்கு 2 யூனிட். நீங்க தேடுற 1.9 யூனிட்டுக்குக் கிட்ட வந்துட்டோமா? அவங்க பில் குறையவும் குறையாது, அதனால அவங்க உங்ககிட்ட திருடுறாங்கன்னு நினைச்சுப் போய்ச் சண்டை போட்டுடாதீங்க.

டெஸ்ட் இப்படிப் பண்ணுங்க. மீட்டர் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் 3200 இம்பல்ஸ் என்று போட்டிருக்கும். சில மீட்டரில் வேற எண் இருக்கும், அதைப் பார்த்துக்கோங்க. 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். 100 வாட் லோடு ஓடினா 11 செகண்டுக்கு ஒரு தடவை மின்னும்.

பக்கத்து வீட்டு ஏசி ஓடும்போது ஆரம்பிங்க. முதல்ல உங்க வீட்டுக்குள் இருக்கிற சின்ன எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழுற ட்ரிப் ஸ்விட்ச்) எல்லாத்தையும் அணைங்க. அது பேஸை மட்டும்தான் வெட்டும். எல்.இ.டி. அப்பவும் மின்னினா, மெயின் ஸ்விட்சை அணைங்க. அது டபுள் போல், பேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டும். மெயினை அணைச்சதும் மின்னுறது நின்னுட்டா நியூட்ரல் கலப்பு, வீட்டு வயரிங்கில், நிச்சயம். மெயினை அணைச்சும் மின்னினா மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கொக்கி போட்டிருக்காங்க, இல்லைன்னா மீட்டரே கோளாறு. எம்.சி.பி. அணைச்ச உடனேயே நின்னுட்டா நியூட்ரல் கலப்பு இல்லை, பெரும்பாலும் உங்க வீட்டுப் பொருள்தான் தின்னுது. அப்போ ஃப்ரிட்ஜைப் பாருங்க. கதவு ரப்பர் தளர்ந்து கம்ப்ரெசர் நிக்காமலே ஓடினா 120 வாட் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 2.9 யூனிட் சாப்பிடும். நல்ல நிலைமையில் ஒரு யூனிட்தான்.

இன்னொரு சின்ன விளக்கு இருக்கும், 'ஈ.எல்.' என்று எழுதியிருக்கும். பேஸும் நியூட்ரலும் சமமா இல்லைன்னா அது எரியும். அதுவும் எரிஞ்சா வேற சாட்சி வேண்டாம்.

மீட்டர் மூடியைத் திறக்காதீங்க, சீலைத் தொடாதீங்க. 'லேசா பார்த்துட்டு மூடிடலாம் சார்'னு சொல்ற எலக்ட்ரீஷியனை அனுப்பிடுங்க. சீல் உடைஞ்சிருந்தா மின்திருட்டுன்னு மின்சாரச் சட்டம் 135ஆம் பிரிவில் கேஸ் வரும், அப்புறம் 2,993 ரூபாய் சின்னத் தொகையா தெரியும்.

---

மிண்ட் மணிக்கூண்டு:

ரொம்ப நன்றிண்ணே. சொன்ன மாதிரியே பார்த்தாச்சு. சீரியல் எண், ரீடிங் எல்லாம் சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஏப்ரலுக்கு மேல் ஏசி மாட்டியிருக்கிறார்கள், வெயில் ஏறிய பிறகுதான் தினமும் ஓடுகிறது. எங்கள் எம்.சி.பி. எல்லாம் அணைத்தும் எல்.இ.டி. வேகமாக மின்னுகிறது, மெயினை அணைத்தால் நின்றுவிடுகிறது. 'ஈ.எல்.' விளக்கும் எரிகிறது.

இனி என்ன செய்ய? இதற்கு மின்வாரியம் பணம் திருப்பித் தருமா? வயரிங்கை யார் செலவில் மாற்றுவது?

---

வயர்மேன் வியாசர்பாடி:

அப்போ முடிஞ்சுது. மீட்டர் டெஸ்டிங்குக்குப் பணம் கட்டாதீங்க. லேபுக்கு எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சா மீட்டர் சரியாத்தான் காட்டும், ஏன்னா அது சரியாத்தான் வேலை செய்யுது. 'மீட்டர் சரி'ன்னு ஒரு பேப்பர் வந்துட்டா அதையே உங்களுக்கு எதிரா நீட்டுவாங்க. மீட்டருக்கு அப்புறம் இருக்கிற வயரிங் நம்ம பொறுப்பு, அதில் ஆன கலப்புக்கு வாரியம் தராது. ஓனர் கட்டடத்து வயரிங் என்பதால் மாத்துற செலவு ஓனருதுதான், அதைப் பேசி வாங்குங்க. பேசும்போது எல்.இ.டி. மின்னுற வீடியோவைக் காட்டுங்க. எம்.சி.பி. எல்லாம் கீழே விழுந்திருக்கு, மீட்டர் ஓடுதுன்னு ஒரே ஷாட்டில் தெரியணும்.

எங்கே கலந்திருக்குன்னு கண்டுபிடிக்க லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க. பண்ண வேண்டிய வேலை: இரண்டு வீட்டு மெயினையும் அணைச்சு, இரண்டு நியூட்ரல் லிங்க்கையும் (நியூட்ரல் வயர் எல்லாம் சேர்ற கட்டை) கழட்டி, மல்டிமீட்டரில் கன்டினியுட்டி வைச்சுப் பார்க்கணும். இரண்டு நியூட்ரலுக்கும் நடுவில் பீப் அடிச்சா உள்ளே சேர்ந்திருக்கு. அப்புறம் உங்க பக்க நியூட்ரல் வயரை லிங்க்கில் இருந்து ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டே வந்தா எந்த சர்க்யூட்டில் பீப் நிக்குதோ அந்த ரூம்தான். பெரும்பாலும் தடுப்புச் சுவர் எழுப்பின இடம், பாத்ரூம் லைட், பொது மோட்டார், படிக்கட்டு லைட். இந்த நாலில் ஒண்ணு. படிக்கட்டு லைட்டை ஒருத்தர் பேஸ், இன்னொருத்தர் நியூட்ரல்னு எடுத்து வைக்கிறது நம்ம ஏரியா வழக்கம்.

மோட்டாரையும் அப்படியே பார்த்துக்கோங்க. மெட்ரோ தண்ணி இழுக்கிற அரை ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்கு மேல சாப்பிடும். எல்லாருக்கும் தண்ணி, ஒருத்தர் மீட்டர்னா, தினம் ஒரு மணி நேரம் ஓடினாலே ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்டுக்கு மேல.

பிரிச்ச பிறகு மெயினுக்கு அடுத்து ஒரு ஆர்.சி.சி.பி. (போற கரண்ட்டும் திரும்புற கரண்ட்டும் சமமா இல்லைன்னா விழுற ஸ்விட்ச்) போடச் சொல்லுங்க. இரண்டு போல், 30 மில்லி ஆம்பியர், லோடுக்கு ஏத்த மாதிரி 25 அல்லது 40 ஆம்பியர். ஷாக்கில் இருந்து காப்பாத்தத்தான் அது. ஆனா நியூட்ரல் இன்னும் எங்கேயாவது கலந்திருந்தா அது நிக்காமல் விழுந்துக்கிட்டே இருக்கும். 'ஆர்.சி.சி.பி. சரியில்லை, எடுத்துடலாம்'னு ஆள் சொன்னா நம்பாதீங்க, வேலையை அரைகுறையா முடிச்சிருக்கார்னு அர்த்தம்.

கடலோரம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காத்தில் நியூட்ரல் லிங்க் பச்சைக் களிம்பு ஏறி இத்துப்போகும். அதை மாத்த சோம்பேறித்தனப்பட்டு எர்த் வயரை நியூட்ரலா கட்டிக் கொடுத்துட்டுப் போற ஆட்கள் உண்டு. 'ஈ.எல்.' விளக்கு அதுக்கும் எரியும். அது பில் விஷயம் இல்லை, உயிர் விஷயம். அந்த எர்த் எங்கேயாவது விட்டுப்போனா கிரைண்டர் உடம்பு, ஃப்ரிட்ஜ் உடம்பு எல்லாத்திலும் கரண்ட் நிக்கும்.

---

கல்மண்டபம்:

பணம் கட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே, அதைச் சொல்கிறேன்.

ரீடிங் எடுத்த தேதியில் இருந்து 20 நாள் கெடு. அது தாண்டினால் மீண்டும் இணைப்புக் கட்டணம் எல்லாம் சேரும். ஆனால் மின்சாரச் சட்டம் 2003, 56ஆம் பிரிவுப்படி கட்டாதவர் இணைப்பைத் துண்டிக்க, 15 முழு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தரணும். அதே பிரிவில் பலருக்குத் தெரியாத இன்னொரு வரி இருக்கிறது. பில் தொகையில் தகராறு இருந்தால், கேட்கிற தொகையையோ அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, இரண்டில் எது குறைவோ அதை 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. மீட்டர் நிஜமாகவே பழுதாகி 15,000, 20,000 என்று பில் வருகிறவர்களுக்கு இது பெரிய துணை. கவுன்டரில் கம்ப்யூட்டர் முழுத் தொகையைத்தான் கேட்கும். அங்கே இருப்பவரிடம் சட்டம் பேசிப் பயனில்லை. மனுவில் பிரிவைக் குறிப்பிட்டு, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, உதவிப் பொறியாளருக்கும் வருவாய்ப் பிரிவில் உதவி கணக்கு அலுவலருக்கும் கொடுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

யாரிடம் என்ன கேட்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் அலைகிறார்கள். கம்பி, ஃபியூஸ், மீட்டர் மாட்டுவது எல்லாம் உதவிப் பொறியாளர் கையில். ரீடிங், பில் திருத்தம் எல்லாம் கணக்கீட்டு ஆய்வாளர், வருவாய் மேற்பார்வையாளர் கையில். பில் தப்பு என்று லைன்மேனிடமோ, மீட்டர் ஓடவில்லை என்று கணக்கு மேஜையிலோ சொன்னால், 'நாளைக்கு வாங்க' தவிர வேறு பதில் வராது. வாய்ப் பேச்சாக எதையும் விடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அடித்துப் புகார் எண் வாங்கிவிடுங்கள். மனுவில் அந்த எண்ணையும் எழுதுங்கள்.

அதற்கு மேல் போகணும் என்றால் கோட்ட அலுவலகத்தில் நடக்கும் மாதாந்திரக் குறைதீர் கூட்டம். அதிலும் நகரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றம். அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மனு, பில் நகல்கள், முத்திரை வாங்கிய நகல் இருந்தால் போதும். மன்றத்தின் உத்தரவும் சரியில்லை என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் மின் குறைதீர்ப்பாளர்.

இனி உங்கள் விஷயத்துக்கு. மணிக்கூண்டு, நீங்கள் இந்த ஏணியில் எல்லாம் ஏற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மீட்டர் சரி, ரீடிங் சரி. சராசரித் தொகையைக் கட்டி இழுத்தாலும் கடைசியில் மிச்சத்தைத் தாமதக் கட்டணத்தோடு கேட்பார்கள். 2,993ஐ கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். வாரியத்திடம் கேட்க உங்களுக்கு இருக்கிற ஒரே விஷயம் அந்த 69 நாள். 612 யூனிட்டை 60 நாள் விகிதத்துக்குக் கொண்டுவந்தால் 532 யூனிட், 2,309 ரூபாய் சுமார். அதை 69 நாளுக்கு நீட்டினால் 2,655. உங்களிடம் கூடுதலாக வாங்கியது 338 ரூபாய். அதிலும் அடுத்த ரீடிங் சரியான தேதிக்கு வந்தால் கொஞ்சம் ஈடாகிவிடும். அதனால் மனுவில் இரண்டே வரி எழுதுங்கள்: இந்தத் தேதிக்குப் பதில் இந்தத் தேதியில் ரீடிங் எடுக்கப்பட்டது, நாள் விகிதத்தில் திருத்தவும், அடுத்த ரீடிங்கை உரிய தேதியில் எடுக்கவும். திருத்தம் கிடைத்தால் பணமாக வராது, அடுத்த பில்லில் கழிவாக வரும். கிடைக்காவிட்டாலும் அடுத்த முறை தேதி தவறினால், இது இரண்டாவது தடவை என்று காட்டக் கையில் பேப்பர் இருக்கும்.

---

ஒற்றியூர் தேரடி:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் வீட்டில் வாரிய மீட்டர் ஒன்றுதான், ஓனர் பெயரில். நாலு குடித்தனத்துக்கும் சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். ஒவ்வொரு வீடும் 250 யூனிட் சுமார்தான் ஓட்டுகிறோம். 'எனக்கே அவ்வளவு வருது' என்கிறார். நிஜமா?

---

கொருக்குப்பேட்டை கேட்:

பாதி நிஜம். நாலு வீடு, தலைக்கு 250, ஒரே மீட்டரில் 1,000 யூனிட். அவருக்கு வரும் பில் 6,870 ரூபாய், யூனிட்டுக்கு 6.87. உங்களிடம் வாங்குவது 8,000. அவருக்கு மிச்சம் 1,130. ஆனால் உங்கள் பெரிய நஷ்டம் அந்த 1,130ல் இல்லை. நாலு வீட்டுக்கும் தனி இணைப்பு இருந்தால் 250 யூனிட்டுக்கு ஆளுக்கு 470 ரூபாய்தான், நாலுக்கும் சேர்த்து 1,880. இப்போது நீங்கள் ஆளுக்கு 2,000 கட்டுகிறீர்கள். நாலு பேருக்கு வரவேண்டிய இலவச 100 யூனிட்டில் மூன்று வீட்டுடையது அப்படியே வீணாகிறது, கூடவே எல்லார் யூனிட்டும் ஒன்றாகக் குவிந்து மேல் படிக்கு ஏறிவிடுகிறது.

அதனால் ஓனரிடம் 'எட்டு ரூபாய் அநியாயம்' என்று ஆரம்பிக்காதீர்கள். 8ஐ 7 ஆக்கினாலும் உங்களுக்கு மிச்சம் 250 ரூபாய்தான். தனி இணைப்புக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், மிச்சம் 1,530. தனி வாசல், தனி சமையலறை, ஒன்றோடு ஒன்று கலக்காத வயரிங் இருந்தால் தனி இணைப்பு கேட்கலாம். ஓனர் விண்ணப்பிப்பது சுலபம். நீங்கள் விண்ணப்பித்தால் அவர் சம்மதக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணத்தை நாலு பேரும் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னால் அவருக்கு மறுக்கக் காரணம் குறையும். பழைய மீட்டர் மோட்டாருக்கும் மாடிக்கும் அவருக்கே இருக்கட்டும்.

இதற்காக அவர் கரண்ட்டை நிறுத்தி மிரட்டினால், 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வீட்டு உரிமையாளர் மின்சாரம், தண்ணீரை நிறுத்தி வைக்கக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருப்பவர்களுக்கு அது வேகமாக நகரும். வாய் வார்த்தையில் குடியிருக்கிறீர்கள் என்றால் முதலில் ஒப்பந்தத்தைப் போடுங்கள், இணைப்புப் பேச்சை அப்புறம் எடுங்கள்.

---

வயர்மேன் வியாசர்பாடி:

தேரடி, தனி மீட்டர் வர்றதுக்கு முன்னாடியே நாலு வீட்டு நியூட்ரலையும் பிரிச்சு வெச்சுடுங்க. மாட்டின அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா மணிக்கூண்டு வீட்டுல நடந்ததுதான் உங்க வீட்டுலயும் நடக்கும். சப் மீட்டர் பேஸை மட்டும் அளக்கிற சாதா மீட்டரா இருந்தா இத்தனை நாள் அது தெரியாமலே இருந்திருக்கும்.